கடைமடைக்கு அப்பால்

(திருக்காட்டுப்பள்ளியில் நிகழ்த்திய சொற்பொழிவின் அச்சு வடிவம்)



ஜூன் 12 என்ன நாள் என்று இந்த ஊரில் யாரைக் கேட்டாலும் சொல்வார்கள். மேட்டூர் திறக்கும் நாள். ஜூன் 14 என்ன நாள் என்று கேட்டால் இங்கே பாதிப் பேர் பக்கத்தில் இருப்பவர் முகத்தைப் பார்ப்பீர்கள். அன்று நள்ளிரவோடு கிழக்குக் கடற்கரையில் மீன்பிடித் தடைக்காலம் முடிகிறது. ஏப்ரல் 15-இல் கட்டிப்போட்ட விசைப்படகுகள் 61 நாள் கழித்துக் கடலுக்குப் போகின்றன. ஆற்றில் தண்ணீர் விடும் நாளும் கடலில் படகு விடும் நாளும் இரண்டே நாள் இடைவெளியில் வருகின்றன. இது திட்டமிட்ட ஏற்பாடு இல்லை, தற்செயல்தான். இந்தத் தற்செயலைப் பிடித்துக்கொண்டுதான் இன்று பேசப்போகிறேன்.

நெல் விளையும் ஊரில் வந்து கடல் மீனைப் பற்றிப் பேசுகிறானே என்று சிலருக்குத் தோன்றும். நியாயம்தான். இங்கிருந்து கடலுக்குப் போக வேண்டுமென்றால் தஞ்சாவூர், பட்டுக்கோட்டை என்று பஸ் மாறி மாறிப் போக வேண்டும். ஆனால் நம் மாவட்டத்துக்கே கடல் உண்டு. அதிராம்பட்டினம், மல்லிப்பட்டினம், சேதுபாவாசத்திரம் எல்லாம் தஞ்சாவூர் மாவட்டம். சேதுபாவாசத்திரம் பக்கம் கல்லணைக் கால்வாயின் கடைமடைப் பகுதி. அதற்கு அப்பால் பாக் ஜலசந்தி. நீங்கள் தலைமடைக்காரர்கள். கல்லணை கூப்பிடு தூரம், குடமுருட்டி பிரிகிற இடம் உங்கள் ஊர் வாசல். தலைமடையில் இருப்பவரிடம் கடைமடைக்கு அப்பாலும் ஒரு மடை இருக்கிறது என்று சொல்லத்தான் வந்திருக்கிறேன்.

முதலில் மேட்டூர்த் தேதி. ஜூன் 12 என்று எழுதிவைத்திருக்கிறோமே, அது எத்தனை தடவை அப்படியே நடந்தது? 2012 முதல் 2019 வரை எட்டு ஆண்டு அந்தத் தேதியில் குறுவைக்குத் தண்ணீர் வரவில்லை. 2020-இல் வந்தது. 2022-இல் அணையில் தண்ணீர் ஏராளமாக இருந்ததால் மே 24-ஆம் தேதியே திறந்தார்கள். 2024-இல் ஜூலை 28 வரை வானத்தையும் கர்நாடகத்தையும் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தோம். ஆக, ஜூன் 12 என்பது காலண்டரில் இருக்கிற தேதி. உண்மையில் உத்தரவு போடுவது அணையின் நீர்மட்டம். 120 அடியில் இன்று எத்தனை அடி, நீர்வரத்து எவ்வளவு என்பதை டீக்கடையில் இருப்பவர்கூடச் சொல்வார். அந்தக் கணக்கைப் பார்த்துத்தான் நாற்றங்கால் போடுவதா வேண்டாமா என்று முடிவு செய்கிறோம்.

இப்போது கடலின் தேதி. 1983-ஆம் ஆண்டுத் தமிழ்நாடு கடல் மீன்பிடி ஒழுங்குமுறைச் சட்டத்தின் கீழ் 2001-இல் தடைக்காலம் வந்தது. ஏப்ரல் 15 முதல் மே 29 வரை 45 நாள். 2017 முதல் அது ஜூன் 14 வரை நீண்டு 61 நாளானது. மேற்குக் கரைக்கு ஜூன் 1 முதல் ஜூலை 31 வரை. கன்னியாகுமரி மாவட்டத்துக்கு இரண்டு கரையும் இருப்பதால் ஒரே மாவட்டத்துக்குள் இரண்டு தடைக்காலம். ஜூன் முதல் இரண்டு வாரம் தவிர, கிழக்கே படகைக் கட்டும்போது மேற்கே ஓடும், மேற்கே கட்டும்போது கிழக்கே ஓடும்.

இந்த ஆண்டு கடலில் எந்த மீன் எவ்வளவு இருக்கிறது என்று பார்த்து, இந்த ஆண்டுக்கு இத்தனை நாள், இன்ன இடத்தில் என்று தேதி வைக்கும் வழக்கம் நம்மிடம் இல்லை. தேதியை அசைக்கவே முடியாது என்பதும் இல்லை. 2020-இல் கொரோனா ஊரடங்கால் மீனவர்கள் வருமானம் இழந்தபோது மத்திய அரசு 61 நாளை 47 நாளாகக் குறைத்தது. ஜூன் 1-ஆம் தேதியே படகுகள் போயின. அதை நான் குறை சொல்லவில்லை, அன்று வேறு வழியில்லை. மனிதனுக்குக் கஷ்டம் என்றால் தேதி நகரும் என்பது அன்று தெரிந்தது. மீனுக்குக் கஷ்டம் என்றால் நகருமா? அப்படி ஆண்டுதோறும் பார்த்து நகர்த்தும் வழக்கம் நம்மிடம் இல்லை.

தடைக்காலத்தால் பலனே இல்லை என்று சொல்கிறவன் அல்ல நான். இரண்டு மாதம் கடல் தரையை இழுவை மடி கீறாமல் இருப்பதே பெரிய விஷயம். படகைக் கரையேற்றிப் பலகை மாற்றுவதும், எஞ்சின் பார்ப்பதும், வர்ணம் அடிப்பதும் அந்த நாட்களில்தான். ஆனால் 61 நாளும் மீனின் இனப்பெருக்கக் காலம் என்று சொல்கிறோமே, எல்லா மீனும் அந்த 61 நாளுக்குள் முட்டையிட்டு முடித்துவிடுவதில்லை. இறாலில் பல வகைக்கு ஆண்டு முழுவதும் சினை உண்டு. ஒவ்வொரு மீனுக்கும் ஒரு பட்டம். பத்திருபது வகை சேர்ந்து விழும் மடிக்கு ஒரே தேதி.

இன்னொன்றையும் பார்க்க வேண்டும். ஜூன் 15-ஆம் தேதி அத்தனை படகும் ஒரே ராத்திரியில் போகின்றன. மல்லிப்பட்டினம் மாதிரி ஒரு துறைமுகத்தில் அந்த முதல் வாரம் நின்று பாருங்கள். இறால் தனி, நண்டு தனி, கணவாய் தனி என்று கூடை கூடையாகப் பிரிப்பார்கள். ஏலம் விடுகிறவர் குரல் நிற்காது. ஓரத்தில் ஒரு குவியல் இருக்கும், அதற்கு ஏலக்காரர் வரமாட்டார். அதைச் சங்காயம் என்பார்கள். கிட்டே போய் விரலால் கிளறினால் கட்டைவிரல் நீளத்துக்குக் காரல், நகம் அளவுக்கு நண்டு, ஓடு இன்னும் கெட்டிப்படாதது, கண்ணாடி மாதிரி கணவாய்க் குஞ்சு, அடையாளம் தெரியாத பொடி. நான் கிளறிக்கொண்டிருந்தபோது மீன் பிரித்துக்கொண்டிருந்த அம்மா ஒருவர், “அதுல என்ன தம்பி பார்க்குறீங்க? அது கோழிக்குப் போற மீனு” என்றார். உண்மைதான். அது காய்ந்து, தூளாகி, கோழித் தீவனமாகப் போகிறது. இரண்டு மாதம் வளரவிட்ட குஞ்சை வளர்ந்து முடிவதற்குள் வாரி, கிலோவுக்குச் சில ரூபாய்க்கு விற்கிறோம். தேதியைக் காத்தோம், குஞ்சைக் காக்கவில்லை. கண்ணி அளவுக்குச் சட்டத்தில் விதி உண்டு. கடலுக்குள் மடியின் வாலில் எந்தக் கண்ணி போட்டிருக்கிறது என்று யார் முங்கிப் பார்க்கிறார்கள்?

வேறு மாதிரி செய்கிறவர்கள் உலகத்தில் உண்டா? உண்டு. அமெரிக்காவின் மேற்குக் கடற்கரையில் சால்மன் மீனுக்குச் செய்கிறார்கள். நம் கடலில் சால்மன் கிடையாது. ஓட்டல் அட்டையில் இந்தியன் சால்மன் என்று இருப்பது நம்முடைய காலா, அது வேறு குடும்பம். பசிபிக் சால்மன் ஆற்றில் பிறக்கும், கடலுக்குப் போய் இரண்டு மூன்று ஆண்டு வளரும், முட்டையிடப் பிறந்த ஆற்றுக்கே திரும்பும், முட்டையிட்டதும் செத்துப்போகும். கலிபோர்னியாவில் சாக்ரமெண்டோ, கிளமாத் என்று இரண்டு பெரிய ஆறுகள். இரண்டு ஆற்று மீனும் கடலில் கலந்து மேயும். தூண்டிலில் மாட்டிய மீனைப் பார்த்து எந்த ஆற்றுப் பிள்ளை என்று சொல்ல முடியாது.

1976-இல் வந்த மீன்வளச் சட்டத்தின் கீழ் அங்கே பசிபிக் மீன்பிடி மேலாண்மைக் குழு என்று ஒன்று அமைந்தது. பிப்ரவரியில் போன ஆண்டு எத்தனை மீன் ஆற்றுக்குத் திரும்பியது என்ற கணக்கு வரும். மார்ச்சில் மூன்று மாற்றுத் திட்டங்களைப் பொதுமக்கள் முன் வைப்பார்கள். மீனவர், பழங்குடியினர், வியாபாரி எல்லாரும் வந்து சண்டை போடுவார்கள். ஏப்ரலில் முடிவு. இந்தக் கடற்பகுதியில் மே மாதம் இன்ன தேதி முதல் இன்ன தேதி வரை, அடுத்த பகுதியில் ஆகஸ்டில் மட்டும், இத்தனை அங்குலத்துக்குக் கீழே இருந்தால் திரும்ப விட்டுவிட வேண்டும் என்று கரையைத் துண்டு துண்டாகப் பிரித்துத் தேதி வைப்பார்கள். அடுத்த ஆண்டு எல்லாம் மாறிவிடும்.

கணக்கு எடுக்கும் விதம்தான் எனக்கு மிகவும் பிடித்தது. பொரிப்பகத்தில் வளர்த்து விடும் குஞ்சுகளில் ஒரு பங்குக்கு மூக்கில் ஒரு மில்லிமீட்டர் நீளக் கம்பித்துண்டைச் செருகுவார்கள். அதில் எண் பொறித்திருக்கும். அடையாளத்துக்கு முதுகின் பின்புறம் இருக்கும் சின்னத் துடுப்பை வெட்டிவிடுவார்கள். சில ஆண்டு கழித்துத் துறைமுகத்தில் ஒரு ஊழியர் நின்று, துடுப்பு இல்லாத மீன் வந்தால் தலையை மட்டும் வாங்கிக்கொள்வார். நுண்ணோக்கியில் எண்ணைப் படித்தால் எந்த ஆறு, எந்தப் பொரிப்பகம், எந்த ஆண்டு என்று ஜாதகம் மொத்தமும் தெரிந்துவிடும். இன்னொரு வழி, இரண்டு வயதிலேயே அவசரப்பட்டு ஆற்றுக்குத் திரும்பும் சின்ன ஆண் மீன்களை எண்ணுவது. இந்த ஆண்டு அவை நிறைய வந்தால் அவற்றோடு பிறந்த மூன்று வயது மீன்கள் அடுத்த ஆண்டு கடலில் நிறைய இருக்கும். கிட்டத்தட்ட மேட்டூர் நீர்வரத்தைப் பார்த்துக் குறுவை போடும் கணக்குதான்.

சாக்ரமெண்டோ இலையுதிர்கால மீனில் 1,22,000 முதல் 1,80,000 வரை முட்டையிட ஆற்றுக்குள் போய்ச் சேர வேண்டும் என்பது இலக்கு. அதை எட்டாது என்று தெரிந்தால் கடலை மூடுவார்கள். 2008-இலும் 2009-இலும் மூடினார்கள். 2023, 2024, 2025 மூன்று ஆண்டும் கலிபோர்னியாவில் வியாபாரச் சால்மன் பிடிப்பு முழுவதும் மூடல். ஒரு மாதம் இரண்டு மாதம் இல்லை, பருவம் முழுவதும். அதை ஏற்றுக்கொள்ள அவர்கள் என்ன ரிஷிகளா? இல்லை. கத்தினார்கள், அழுதார்கள், படகை விற்றார்கள். ஆனாலும் எண் முன்னால் இருந்தது.

இதில் நாம் கவனிக்க வேண்டிய விதி ஒன்று. பலமான மீனும் நலிந்த மீனும் கலந்து மேயும்போது, எந்த மீன் நலிந்ததோ அதன் கணக்குதான் எல்லாருக்கும் தேதி வைக்கும். நமக்கு இது புதிதில்லை. முறைப்பாசனம் வைக்கும்போது தலைமடை வயல் ததும்புகிறதா என்று பார்த்தா முறையை முடிக்கிறோம்? கடைமடைக்காரன் வயலில் தண்ணீர் ஏறியதா என்று கேட்டுத்தான் அடுத்த முறை. 2006-இல் சாக்ரமெண்டோ மீன் ஓரளவுக்கு இருந்தது. கிளமாத் மீன் நலிந்திருந்தது. அந்த ஒரு ஆற்று மீனுக்காக சுமார் 700 மைல் கடற்கரையில் பருவத்தைச் சுருக்கிவிட்டார்கள்.

கிளமாத் மீன் ஏன் நலிந்தது என்று பார்த்தால் கதை கடலை விட்டு வயலுக்கு வருகிறது. 2001 வறட்சியில் அங்கே மீனுக்காக ஆற்றில் தண்ணீரை நிறுத்திவைத்து, பாசன விவசாயிகளுக்கு மதகை மூடினார்கள். விவசாயிகள் மதகு முன் திரண்டு போராடினார்கள். அடுத்த ஆண்டு வயலுக்குத் தண்ணீர் போனது. 2002 செப்டம்பரில் கீழே ஆற்றில் தண்ணீர் குறைந்து, சூடேறி, நோய் பரவி, முட்டையிட வந்த சால்மன் முப்பதாயிரத்துக்கும் மேல் செத்து மிதந்தது. அடுத்த சில ஆண்டுகளில் அதன் விலையில் ஒரு பங்கைக் கடலில் தூண்டில் போடுகிறவன் கொடுத்தான். அவன் தப்பு ஒன்றுமில்லை. விவசாயி தப்பு என்றும் நான் சொல்லமாட்டேன், அவனுக்கும் பயிர் காய்ந்தது. ஆனால் இரண்டு பேரும் ஒரே ஆற்றின் இரண்டு முனையில் இருக்கிறார்கள் என்பது அன்று எல்லாருக்கும் உறைத்தது. யூரோக், கருக் பழங்குடியினர் இருபது ஆண்டுக்கு மேல் போராடி, 2024-இல் கிளமாத்தின் அணைகளில் நான்கை இடித்து முடிக்கவைத்தார்கள். அதே ஆண்டு அக்டோபரில், நூறு ஆண்டாகப் போக முடியாத மேலாற்றில் சால்மன் தென்பட்டது.

அணையை இடிக்கச் சொல்கிறானா என்று யாரும் பதற வேண்டாம். கல்லணைப் பக்கத்தில் நின்றுகொண்டு அப்படிப் பேசினால் நான் வீடு போய்ச் சேரமாட்டேன். ஆனால் காவிரிக்கும் ஒரு சால்மன் இருந்தது என்பதைச் சொல்லியாக வேண்டும்.

அதன் பெயர் உல்லம். வங்காளிகள் உயிரை விடுகிற ஹில்சா அதுதான். கடலில் வளரும், தென்மேற்குப் பருவத்தில் ஆற்றில் புதுவெள்ளம் வரும்போது முட்டையிட ஆற்றுக்குள் ஏறும். நாம் ஆடிப்பெருக்குக்குச் சித்திரான்னம் கட்டிக்கொண்டு படித்துறைக்குப் போகிற அதே வெள்ளத்தில் அது கொள்ளிடத்தில் எதிர்நீச்சல் போட்டு வந்துகொண்டிருந்தது. சால்மன் மாதிரி அது தாவாது. குறுக்கே ஒரு சுவர் வந்தால் அதோடு சரி. 1830-களின் இரண்டாம் பாதியில் ஆர்தர் காட்டன் கொள்ளிடத்தில் மேலணையும் கீழணையும் கட்டினார். முக்கொம்பும் அணைக்கரையும் நமக்குச் சோறு போட்டவை, அதில் சந்தேகமே இல்லை. அதே காட்டன் பிறகு 1867-இல், ஆறுகளின் குறுக்கே கட்டும் அணைகளால் கடற்கரை மீன்வளம் கெடக்கூடும் என்று இங்கிலாந்து அரசுக்கு எழுதினார். கட்டியவரே எழுதினார் என்பதுதான் விசேஷம். அதை விசாரிக்கும் வேலை பிரான்சிஸ் டே என்ற ராணுவ மருத்துவரிடம் வந்தது. மீன் ஆராய்ச்சியில் பெரிய பெயர் அவர். 1873-இல் அறிக்கை வந்தது. அணைகள் உல்லத்தை மறிக்கின்றன, குஞ்சு மீனைக் கணக்கில்லாமல் வாருகிறார்கள், வலைக்கண்ணிக்கு அளவு வேண்டும் என்ற பேச்சு நூற்றைம்பது ஆண்டுக்கு முன்பே இந்த நாட்டில் தொடங்கிவிட்டது.

1907-இல் பிரெடரிக் நிக்கல்சன் பொறுப்பில் மதராஸ் மீன்வளத் துறை தொடங்கியது. அடுத்த சில ஆண்டுகளில் கொள்ளிடத்தில் உல்லத்தின் முட்டையைப் பிழிந்து செயற்கையாகப் பொரிக்கவைக்கும் சோதனையை ஹெச். சி. வில்சன் நடத்தினார். நீலகிரியில் டிரவுட் மீன் பொரித்துப் பழகியவர். அதே காலத்தில் அமெரிக்காவில் சால்மனுக்குச் செய்துகொண்டிருந்ததை நம் அணைக்கரைப் பக்கம் உல்லத்துக்குச் செய்து பார்த்தார்கள் என்று நினைக்கும்போது எனக்கு ஆச்சரியமாக இருக்கிறது. அது நிலைக்கவில்லை. 1934-இல் மேட்டூர் வந்தது. ஆடி வெள்ளம் அணைக்குள் அடங்கியது. புதுவெள்ளம் கண்டு ஏறுகிற மீனுக்கு அழைப்பே நின்றுபோனது. காவிரியில் உல்லத் தொழில் அத்துடன் படுத்துவிட்டது. கோதாவரியில் இன்றும் தவளேஸ்வரம் அணை வரை வருகிறது. அங்கே புலசா என்று பெயர், ஒரு மீன் ஆயிரக்கணக்கில் விலை போகிறது. அங்கே முதலில் அணை கட்டியதும் காட்டன்தான்.

இப்போது உங்களுக்குப் பிடிக்காத ஒன்றைச் சொல்கிறேன். காவிரித் தண்ணீர் வீணாகக் கடலில் கலக்கிறது என்று நாம் எல்லாரும் பேசுகிறோம். தலைவர்கள் மேடையில் பேசுகிறார்கள், பத்திரிகைத் தலைப்பில் வருகிறது. அந்த “வீணாக” என்ற சொல்லைக் கொஞ்சம் நிறுத்திவையுங்கள். வெள்ளை இறால் கடலில் முட்டையிடும். அதன் குஞ்சு கழிமுகத்துக்குள் வந்து, நல்ல தண்ணீரும் உப்புத் தண்ணீரும் கலந்த இடத்தில் வளர்ந்து, மறுபடி கடலுக்குப் போகும். முத்துப்பேட்டை அலையாத்திக் காடும் பிச்சாவரமும் அப்படிப்பட்ட தொட்டில்கள். கோரையாறும் பாமணியாறும் கொண்டுபோய்ச் சேர்க்கும் தண்ணீரில்தான் முத்துப்பேட்டைக் காயல் உயிரோடு இருக்கிறது. அதை வீண் என்றால், பிறகு கடலில் இறால் இல்லை என்று மீனவனை மட்டும் 61 நாள் கட்டிப்போட்டு என்ன பயன்?

காவிரி நடுவர் மன்றம் 2007-இல் கொடுத்த தீர்ப்பை இங்கே பலர் மனப்பாடமாக வைத்திருப்பீர்கள். மொத்தம் 740 டி.எம்.சி. அதில் தமிழ்நாட்டுக்கு 419, கர்நாடகத்துக்கு 270, கேரளத்துக்கு 30, புதுச்சேரிக்கு 7. கூட்டிப் பாருங்கள், 726 வரும். மீதி 14? சுற்றுச்சூழலுக்கு 10, தவிர்க்க முடியாமல் கடலுக்குப் போவதாக 4. உச்ச நீதிமன்றம் 2018 பிப்ரவரி 16-இல் நம் பங்கைக் குறைத்து 404.25 ஆக்கியது. அதற்காக எவ்வளவு கொதித்தோம், கொதிக்க வேண்டியதுதான். அந்த 14-ஐ நீதிமன்றம் தொடவில்லை. நாமும் அதைப் பற்றிப் பேசியதே இல்லை. அது எந்த மாதத்தில், எந்த ஆற்றில், எந்தக் கழிமுகத்துக்குப் போக வேண்டும் என்று ஒரு விவசாயச் சங்கமாவது, ஒரு மீனவர் சங்கமாவது கேட்டதாக நான் பார்த்ததில்லை. ஒரே வாரத்தில் வெள்ளமாகப் பாய்ந்து போவதால் மீனுக்குப் பெரிய லாபமில்லை. அளவு போலவே காலமும் முக்கியம்.

தேதி மட்டும் போதாது என்பதற்குக் கேரளத்து மத்தி சாட்சி. அங்கே 1980-களில் பாரம்பரிய மீனவர்களே பட்டினிப் போராட்டம் நடத்தி மழைக்கால இழுவைத் தடையைக் கேட்டு வாங்கினார்கள். தாமஸ் கோச்சேரி போன்ற பாதிரியார்கள் அந்தப் போராட்டத்தில் நின்றார்கள். 1988 முதல் தடை நடக்கிறது. ஆனால் 2012-இல் சுமார் 4 லட்சம் டன் கிடைத்த மத்தி, 2021-இல் 3,297 டன்னுக்கு விழுந்தது. தடை இழுவைப்படகுக்கு, மத்தியை வளைப்பதோ வேறு வலை. கடல் சூடானதும் ஒரு காரணம், குஞ்சு மத்தியை வாரியதும் ஒரு காரணம். அடுத்த ஆண்டே லட்சம் டன்னைத் தாண்டி மீண்டது வேறு விஷயம், மத்தி அப்படிப்பட்ட மீன். கேரளம் ஒரு நல்ல காரியம் செய்தது. 2015 முதல் மீனுக்கு மீன் குறைந்தபட்ச நீளம் வைத்தது. மத்தி 10 சென்டிமீட்டர், அயலை 14 சென்டிமீட்டர். அதற்குக் கீழே பிடித்தால் அபராதம். நாகப்பட்டினம் ஏலக்கூடத்தில் ஒரு அளவுகோல் வைப்பதில் என்ன கஷ்டம்?

நம்மிடம் பெரும்பாலும் இருப்பது இரண்டே படி. ஒன்று எல்லா மீனுக்கும் 61 நாள். இன்னொன்று முழுத் தடை. தடைக்காலம் வந்த அதே 2001-இல்தான் கடல் அட்டையை வனவிலங்குச் சட்டத்துக்குள் கொண்டுவந்து மொத்தமாகத் தடுத்தார்கள். அன்று புலியும் கடல் அட்டையும் ஒரே அட்டவணை. நடுவில் பருவம், அளவு, இடம் என்று எத்தனையோ படி இருக்கிறது. அதில் ஏறவே இல்லை.

உல்லத்தின் சொந்தக்காரர்கள் வங்காளதேசத்தவர் என்ன செய்தார்கள் பாருங்கள். அக்டோபர் மாதப் பௌர்ணமியை ஒட்டி உல்லம் முட்டையிட ஆற்றுக்குள் கூடும் என்பதால் அந்த 22 நாள் நாடு முழுவதும் உல்லத்தைப் பிடிக்கவும் விற்கவும் தடை. நிலாவைப் பார்த்து வைப்பதால் தேதி ஆண்டுக்கு ஆண்டு நகரும். 2024-இல் அக்டோபர் 13-இல் தொடங்கியது, 2025-இல் அக்டோபர் 4. 25 சென்டிமீட்டருக்குக் குறைந்த குஞ்சு உல்லத்தை நவம்பர் முதல் ஜூன் வரை எட்டு மாதம் தொடக்கூடாது. தொழில் நிற்கிற நாட்களுக்கு மீனவர் குடும்பத்துக்கு அரிசி. குஞ்சுத் தடையில் நான்கு மாதம், மாதம் 40 கிலோ. 2002-03-இல் 2 லட்சம் டன்னாக இருந்த பிடிப்பு 2017-18-இல் 5 லட்சத்தைத் தாண்டியது. கடைசி ஆண்டுகளில் மறுபடி இறங்குமுகம், மணல்திட்டும் ஆற்று மாசும் காரணம் என்கிறார்கள். சொர்க்கம் ஒன்றுமில்லை. ஆனால் 2025-இல் கடல் தடையையும் திருத்தி, ஏப்ரல் 15 முதல் ஜூன் 11 வரை 58 நாள் என்று நம் கிழக்குக் கரைத் தேதியோடு பொருத்திக்கொண்டார்கள். ஒரே கடலில் ஒரு கரை மூடி மறுகரை திறந்திருந்தால் மூடியவனுக்கு நட்டம் என்று அவர்களுக்குப் புரிந்தது.

நமக்கு எதிர்க்கரை இலங்கை. அங்கே 2017-இல் இழுவை மடியையே சட்டம் போட்டுத் தடுத்துவிட்டார்கள். வடக்கே யாழ்ப்பாணத்திலும் மன்னாரிலும் கடலுக்குப் போகிறவர்கள் தமிழர்கள். நம் தடைக்காலத்தில்தான் வலையை நிம்மதியாக விரிக்க முடிகிறது என்று அவர்கள் சொல்வதைக் கேட்கும்போது நமக்குக் கூச்சமாக இருக்க வேண்டும். பாக் ஜலசந்திக்கு இரண்டு கரையும் சேர்ந்து ஒரு கணக்கு வைக்காதவரை யார் தேதி வைத்தாலும் அரைத் தேதிதான்.

பங்கு போட்டுக்கொள்ளும் பழக்கம் நம் மீனவர்களுக்கு இல்லாதது இல்லை. பாக் ஜலசந்தியில் பல்லாண்டாக ஒரு முறை இருக்கிறது. வாரத்தில் மூன்று நாள் விசைப்படகு, நான்கு நாள் நாட்டுப்படகு. வலை அறுந்து, படகு மோதி, ரத்தம் சிந்திய பிறகு வந்த ஏற்பாடு. கரையிலிருந்து குறிப்பிட்ட தொலைவுக்குள் விசைப்படகு மீன் பிடிக்கக்கூடாது என்பதும் சட்டம். மீறல் உண்டு, நானே பார்த்திருக்கிறேன். ஆனாலும் முறை என்றால் என்ன என்று அவர்களுக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை. அவர்கள் கேட்பது வேறு. ஒரு படகுத் தொழிலாளி என்னிடம் சொன்னார்: “கணக்குப் பார்த்து ரெண்டு மாசத்த நாலு மாசமாக்குவீங்க. சரி. அந்த நாலு மாசம் எங்க வீட்ல அடுப்பு எரியுறதுக்கு என்ன கணக்கு?” 2025-இல் தடைக்கால நிவாரணம் குடும்பத்துக்கு 8,000 ரூபாய். 61 நாளுக்கு வகுத்தால் நாளுக்கு 131 ரூபாய். தேதி நகர வேண்டும் என்று பேசுகிற என்னைப் போன்றவர்கள் முதலில் இந்தத் தொகை நகர வேண்டும் என்று பேச வேண்டும். குறுவை பொய்த்தால் குறுவைத் தொகுப்பு, பயிர்க் காப்பீடு என்று நாம் கேட்கிறோமே, மீன் பொய்த்த ஆண்டுக்கு அவருக்கு என்ன இருக்கிறது?

நான் முடிக்கப் போகும் நேரத்தில் ஒரு தம்பி துண்டுச் சீட்டு அனுப்பியிருக்கிறார். “கடல் மீனை யார் எண்ணுவது?” என்று கேட்டிருக்கிறார். நல்ல கேள்வி. எண்ணுகிறவர்கள் ஏற்கெனவே இருக்கிறார்கள். மத்தியக் கடல் மீன்வள ஆராய்ச்சி நிறுவனம் 1947 முதல் இருக்கிறது. தலைமையகம் முன்பு நம் மண்டபம் ஊரில்தான் இருந்தது, 1971-இல் கொச்சிக்குப் போனது. மண்டபத்தில் இன்றும் அதன் மையம் உண்டு. அவர்களுடைய ஆட்கள் கரை கரையாகப் போய், எந்தப் படகில் எந்த மீன் எவ்வளவு இறங்கியது என்று மாதிரி எடுத்துக் கணக்குப் போடுகிறார்கள். அந்தக் கணக்கு ஆண்டறிக்கையாக வருகிறது, அலமாரியில் ஏறுகிறது. தேதி வைக்கும் மேசைக்கு ஆண்டுதோறும் வருவதில்லை. ஆகவே வேண்டியது மார்ச் மாதத்தில் ஒரு கூட்டம். ஏப்ரல் 15-க்கு முன்னால். ஆராய்ச்சியாளர் கணக்கோடு வரட்டும், விசைப்படகுக்காரர், நாட்டுப்படகுக்காரர், மீன் விற்கும் பெண்கள் வரட்டும், எந்த மீன் நலிந்தது என்று பார்த்து அதற்குத் தேதியும் இடமும் நீளமும் வைக்கட்டும். நீர்வளத் துறையும் வர வேண்டும், அந்த 14 டி.எம்.சி.க்குப் பதில் சொல்ல. அங்கே தலைமடை சார்பில் ஒரு நாற்காலி போடச் சொல்லி நாமே எழுதிக் கேட்கலாம். மனுவை நான் எழுதித் தருகிறேன். மார்ச் என்றால் சம்பா அறுப்பு முடிந்திருக்கும், உளுந்து மட்டும்தான் நிற்கும், அதனால் ஆள் இல்லை என்று சொல்ல முடியாது. யார் போவது என்று கலைந்து போவதற்கு முன்னால் இங்கேயே பேசிக்கொள்ளுங்கள்.